செஞ்சி நாட்டில் ஏரும் அறமும்

செஞ்சி என்றதும் வெளியூரார் உள்ளத்தில் எழுவது கோட்டையே. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளையும் மதிலால் வளைத்த அக்கோட்டையைக் கோனார் மரபினர் தொடங்கினர். விஜயநகரத்தின் சார்பில் ஆண்ட நாயக்கர் பெருக்கினர். பின்னர் 1649இல் பீஜப்பூர்ப் படையும், 1677இல் சத்ரபதி சிவாஜியும், 1698இல் முகலாயரும், 1750இல் பிரெஞ்சுக்காரரும், 1761இல் ஆங்கிலேயரும் அதனைக் கைப்பற்றினர். 2025 ஜூலையில் மராத்தியரின் இராணுவ நிலப்பரப்புகள் என்னும் தொகுதியில் ஒன்றாக அது யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னப் பட்டியலில் சேர்க்கப்பெற்றது. இது வாள் எழுதிய வரலாறு.

அதே மண்ணில் வேறொரு வரலாறும் உண்டு. கோட்டைக்கு வடக்கே சிறு தொலைவில் உள்ள திருநாதர்குன்றில், ஒரே பாறை முகத்தில் 24 தீர்த்தங்கரர்களின் திருவுருவங்கள் இரு வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளன. அங்கு, 57 நாள் உண்ணா நோன்பிருந்து உடல் துறந்த சந்திரநந்தி ஆசிரியரின் நிசீதிகையைக் குறிக்கும் கல்வெட்டு இருக்கிறது. அதன் எழுத்தமைதி கொண்டு அதனை ஏறத்தாழ 6ஆம் நூற்றாண்டினது என்பர். பிற்காலக் கல்வெட்டொன்று 30 நாள் நோன்பிருந்த இளைய பட்டாரரைக் குறிக்கிறது. செஞ்சி வட்டத்துப் பறையன்பட்டிலும் வச்சணந்தி ஆசிரியரின் மாணாக்கர் நோற்று முடித்த நிசீதிகைக் கல்வெட்டு உள்ளது.

இத்துறவியரின் நோன்பை நாம் போற்றுகிறோம். தேர் இழுக்கும் நாளிலும் மலையேறும் நாளிலும் அவர்தம் பெயரைச் சொல்லி மகிழ்கிறோம். ஆயினும் ஒரு கேள்வியை நாம் அடிக்கடி கேட்பதில்லை. நோன்பு தொடங்கும் நாள்வரை அவர்கள் கையில் ஆகாரமிட்டவர் யார்? அந்தச் சோறு எந்தத் தொழிலில் விளைந்தது? துறவியின் தூய்மை இல்லறத்தாரின் உழைப்பின்மேல் நின்றது. ஆகவே இல்லறத்தார் எந்தத் தொழிலைத் தேர்ந்தனர், அதனை எவ்வாறு செய்தனர் என்பதும் நம் சமய வரலாற்றின் பகுதியே ஆகும்.

ஆறு தொழில்கள்

கற்பக மரங்கள் வற்றிய காலத்தில், பிழைக்கும் வழியறியாது தவித்த மக்களுக்கு ஆதிபகவன் விருஷபதேவர் ஆறு தொழில்களைக் கற்பித்தார் என்பது நம் மரபு. அசி என்னும் வாள், மசி என்னும் எழுத்து, கிருஷி என்னும் உழவு, வித்தை, வாணிபம், சிற்பம் என்பன அவை. 9ஆம் நூற்றாண்டில் ஜினசேனர் இயற்றிய ஆதிபுராணம் இதனை விரித்துரைக்கும். அம்மகாபுராண மரபை மணிப்பிரவாள நடையில் தமிழர்க்குத் தந்தது ஸ்ரீபுராணம்.

இவ்வரலாற்றில் கவனிக்கத்தக்க செய்தி ஒன்று உண்டு. முதல் தீர்த்தங்கரர் மக்களுக்கு முதலில் கற்பித்தது துறவை அன்று, தொழிலை. பசித்தவனிடம் விரதம் பேசுவதற்கு முன் அவன் பிழைக்க வழி காட்டினார். அந்த ஆறனுள் வாளும் ஒன்றாக இருப்பதையும் நாம் மறைக்க வேண்டியதில்லை. தொழிலின் பெயரைக் கொண்டு மட்டும் அது நல்லது, தீயது என்று தீர்ப்பளிக்கும் மரபு நம்முடையது அன்று.

தமிழகத்தின் மிகப் பழைய கல்வெட்டுகளும் இதற்குச் சான்றாகின்றன. மதுரையை அடுத்த அழகர்மலையில், துறவியர்க்காக அமைத்த கற்படுக்கைகளின் அருகே ஈராயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய தமிழி எழுத்துகள் உள்ளன. அவற்றில் கொடையாளர் பலர் தம் பெயரோடு தம் தொழிலையும் பொறித்துள்ளனர். உப்பு வாணிகன், அறுவை வாணிகனாகிய துணி வணிகன், பாணித வாணிகனாகிய பாகு வணிகன், பொற்கொல்லன் ஆகியோரோடு கொழு வாணிகன் ஒருவனும் அங்கே காணப்படுகிறான். கொழு என்பது கலப்பையின் இரும்பு முனை. மண்ணைக் கீறும் கருவியை விற்றவன், எறும்பை மிதிக்க அஞ்சும் துறவிக்குப் படுக்கை அமைத்தான். தன் தொழிலைச் சொல்ல அவன் நாணவில்லை.

செஞ்சி வட்டத்து நெகனூர்ப்பட்டியில் ஏறத்தாழ 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த கல்வெட்டு, சேக்கந்தியின் தாயாகிய சேக்கந்தண்ணி என்னும் பெண்மணி பள்ளி செய்வித்த செய்தியைச் சொல்கிறது. வந்தவாசிப் பகுதியிலுள்ள வேடாலில், முதலாம் ஆதித்த சோழனின் 14ஆம் ஆட்சியாண்டில், கனகவீரக் குரத்தியாரையும் அவர்தம் மாணாக்கியரையும் காத்து உணவளிக்கும் பொறுப்பை ஊரார் ஏற்றனர். துறவுநெறி இப்பகுதியில் வேரூன்றியது இல்லறத்தாரின் வருவாயால் என்பதை இவை தெளிவாகக் காட்டுகின்றன.

உழவு பற்றிய இடர்ப்பாடு

தமிழ்ச் சமணர் காலங்காலமாக உழவர். மேல்சித்தாமூரைச் சூழ்ந்த ஊர்களிலும், திண்டிவனம், வந்தவாசி, ஆரணிப் பகுதிகளிலும் நம் குடும்பங்கள் நெல்லும் கேழ்வரகும் நிலக்கடலையும் விளைத்தே வாழ்ந்தன. பிற மாநிலச் சமணர் இதனைக் கேட்டு வியப்பதுண்டு. அந்த வியப்புக்குக் காரணம் இருக்கிறது.

சிராவகர் விலக்க வேண்டிய 15 தொழில்களைப் பழைய நூல்கள் கூறுகின்றன. 12ஆம் நூற்றாண்டில் குஜராத்தில் வாழ்ந்த ஹேமசந்திரரின் யோகசாஸ்திரமும் அவற்றை அடுக்குகிறது. கரி சுடுதல், காடு வெட்டி விற்றல், தந்தம், அரக்கு, நஞ்சு ஆகியவற்றை விற்றல், மாந்தரையும் விலங்குகளையும் விற்றல், விலங்கின் உறுப்பைச் சிதைத்தல், காட்டுக்குத் தீ வைத்தல், ஏரி குளங்களை வற்றச் செய்தல் முதலியன அவற்றுள் அடங்கும். சுற்றுச்சூழல் என்னும் சொல் புழக்கத்துக்கு வருவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே, நீர்நிலையை அழிப்பதும் காட்டை அழிப்பதும் இழிதொழில் என்று வரையறுத்த பட்டியல் இது. அதே பட்டியலில் நிலத்தைப் பிளக்கும் தொழிலும் இடம்பெறுகிறது. உழவும் அதில் அடங்கும் என்று பொருள்கொண்ட மேற்கிந்தியச் சமணர் பலர் வாணிபத்தையும் வட்டித் தொழிலையும் நாடினர்.

எனினும் உபாசகதசை என்னும் ஆகமத்தில் வரும் ஆனந்தன் என்ற சிராவகன் 500 ஏர் நிலத்தோடு நிறுத்திக்கொள்வதாக மகாவீரர் முன்னிலையில் வரம்பு ஏற்றான். உழவைக் கைவிடுமாறு அவனுக்குச் சொல்லப்படவில்லை. அளவு வகுத்துக்கொள்ளுமாறே சொல்லப்பட்டது.

நம் திகம்பர மரபு இவ்விடர்ப்பாட்டை நால்வகை ஹிம்சை என்னும் பாகுபாட்டால் தீர்த்தது. கொல்ல வேண்டும் என்றே எண்ணிக் கொல்வது சங்கல்பி. சமையல், துப்புரவு முதலிய வீட்டுவேலையில் நேர்வது ஆரம்பி. பிழைப்புத் தொழிலில் நேர்வது உத்யோகி. தற்காப்பில் நேர்வது விரோதி. இல்லறத்தான் முதலாவதை முற்றும் விலக்க வேண்டும்; ஏனைய மூன்றையும் இயன்றவரை குறைக்க வேண்டும். உழவன் மண்புழுவைக் கொல்வதற்காக உழுவதில்லை. அவன் செயலில் தீங்கு உண்டு. தீய எண்ணம் இல்லை. தீங்கு உண்டு என்பதை அவன் அறிந்திருப்பதால்தான் அதனைக் குறைக்கும் கடமையும் அவன்மேல் விழுகிறது.

இன்னொரு கோட்பாடும் இங்கே துணை நிற்கிறது. வினை மூன்று வழிகளில் வந்து சேரும் என்பர்: தானே செய்தல், பிறரைக் கொண்டு செய்வித்தல், பிறர் செய்வதற்கு உடன்படுதல். இதன்படி பார்த்தால், ஏரைத் தொடாதவன் உண்ணும் சோற்றிலும் ஏரின் தீங்கு கலந்திருக்கிறது. நெல்லை விலைக்கு வாங்குவதால் மட்டும் ஒருவன் உழவனைவிடத் தூயவன் ஆகிவிட மாட்டான். தன் கண்ணெதிரே நேரும் தீங்கை உழவன் காண்கிறான். வாங்கி உண்பவன் காண்பதில்லை. வேறுபாடு அவ்வளவே. நம் முன்னோர் ஏரைக் கைவிடாததற்கு நெறியளவில் இதனினும் வலுவான விடை வேண்டியதில்லை.

களத்திலும் கடையிலும் விரதம்

அகிம்சை அணுவிரதத்திற்கு உமாசுவாமி தத்துவார்த்த சூத்திரத்தில் ஐந்து மீறல்களைக் குறிப்பிடுகிறார். கட்டி வைத்தல், அடித்தல், உறுப்பைச் சிதைத்தல், அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றுதல், உணவும் நீரும் மறுத்தல் என்பன அவை. இவற்றைப் படிக்கும்போது மாட்டுக் கொட்டிலும் வண்டிப் பாதையும் கண்முன் வருகின்றன. இவ்விரதம் கோயிலுக்குள் மட்டும் காக்கத்தக்கது அன்று. கவலையில் பூட்டிய எருதுக்கு எப்போது ஓய்வு தருவது, வண்டியில் எத்தனை மூட்டை ஏற்றுவது, உழுது வந்த மாட்டுக்கு முதலில் தண்ணீர் காட்டுவதா, தான் முதலில் கை கழுவுவதா என்பனவெல்லாம் விரதத்தின் வினாக்கள் ஆயின.

நம்மை அண்டி உழைக்கும் மாந்தர்க்கும் இவை பொருந்தும். நிலமுடையோர் பலரின் வயல்களில் நாற்று நட்டதும் கதிர் அறுத்ததும் கூலியாட்களே. மாட்டின் பாரத்தைக் குறைத்துவிட்டு ஆளின் பாரத்தைக் கூட்டுபவன் விரதம் காத்தவன் ஆகான். அவரவர் குடும்ப வரலாற்றை எழுதும்போது கட்டிய ஜினாலயங்களையும் அளித்த தானங்களையும் மட்டும் எழுதாமல், களத்துமேட்டில் கூலி எவ்வாறு அளக்கப்பட்டது என்பதையும் எழுதினால் அந்த வரலாறு முழுமை பெறும்.

கள்ளாமை விரதத்தின் மீறல்களும் அவ்வாறே கடைத்தெருவைச் சேர்ந்தவை. திருடத் தூண்டுதல், திருட்டுப் பொருளை வாங்குதல், அரச நெறியைக் கடத்தல், எடையிலும் அளவையிலும் ஏற்றக் குறைச்சல் செய்தல், கலப்படம் செய்தல் ஆகிய ஐந்தையும் அந்நூல் கூறும். சமந்தபத்திரரின் இரத்தினகரண்டக சிராவகாசாரம் ஒருபடி மேலே சென்று, பயனின்றிச் செய்யும் தீங்கை விலக்கும் விரதத்தை விளக்குகிறது. காரணமின்றி நிலத்தைத் தோண்டுவதும், நீரைச் சிதறடிப்பதும், தீ மூட்டுவதும், மரஞ்செடிகளை வெட்டுவதும் அதன்படி குற்றம். நஞ்சையும் படைக்கலத்தையும் பிறர்க்குக் கொடுத்து உதவுவதும், உயிர்களை வருத்தும் வாணிபத்துக்கு வழி சொல்லிக் கொடுப்பதும் குற்றமே. அந்நூலின் கருத்துகளைத் தமிழில் தந்த அருங்கலச்செப்பு நம் குழந்தைகளுக்கு ஓதுவித்த நூல் என்பதை மறத்தல் ஆகாது.

நீரை வடிகட்டிய கை

செஞ்சி நாட்டுச் சமணர் பட்ட பெருந்துன்பம் பற்றிய வாய்மொழி மரபை நம் பெரியோர் வழிவழியாகச் சொல்லி வருகின்றனர். கி.பி. 1478இல், செஞ்சியை ஆண்ட வேங்கடபதி என்பவனின் சினத்துக்கு ஆளாகி, நம் குடும்பங்கள் பல தம் சமய அடையாளங்களைக் களைந்து மறைந்து வாழ நேர்ந்தது. அக்காலத்தில் ஒருவர் குளக்கரையில் நீரைத் துணியால் வடிகட்டிக்கொண்டிருந்தார். அதைக் கண்ட காவலர் அவரைச் சமணர் என்று அறிந்து பிடித்துச் சென்றனர். அரசனுக்கு மகன் பிறந்த நற்செய்தி அந்நாளில் வந்தமையால் அவர் உயிர் பிழைத்தார். பின்னர் சிரவணபெளகொள சென்று துறவேற்று வீரசேனாசாரியர் ஆனார். தாயனூர்க் காங்கேய உடையார் அவரை மீண்டும் அழைத்து வந்து, சிதறிய குடும்பங்களை அறநெறியில் நிலைநிறுத்தினார் என்று அம்மரபு முடிகிறது.

துன்பக் கதையாகவே நாம் இதனைச் சொல்லிப் பழகிவிட்டோம். இதில் அடங்கிய வேறொரு செய்தியையும் எண்ணிப் பார்க்கலாம். பெயரை மறைத்தார்கள், நெற்றிக்குறியை மாற்றினார்கள், பூணூலைக் களைந்தார்கள். ஆனால் கண்ணுக்குத் தெரியாத சிற்றுயிர்க்காக நீரை வடிகட்டும் பழக்கத்தை அந்தக் கை மறக்கவில்லை. எல்லா அடையாளமும் போன பின்னும் அவரைச் சமணர் என்று காட்டிக்கொடுத்தது, அன்றாட வேலையைச் செய்த முறையே ஆகும்.

இருபதாம் நூற்றாண்டில்

இக்காலத்தில் அறப்பணியையே தம் தொழிலாகக் கொண்டவர்களும் நம்மிடையே தோன்றினர். ஜீவபந்து டி. எஸ். ஸ்ரீபால் அவர்கள் ஊர்களுக்குச் சென்று, திருவிழாக்களில் ஆடு கோழிகளைப் பலியிடும் வழக்கத்தை விடுமாறு மக்களிடம் பேசினார். 1950இல் சென்னை மாநிலத்தில் கோயில்களில் விலங்கு, பறவைகளைப் பலியிடுவதைத் தடுக்கும் சட்டம் இயற்றப்பட்டது. 2004இல் அச்சட்டம் நீக்கப்பட்டது. சட்டம் வரும், போகும். ஒருவர் மனத்தில் பேசி உண்டாக்கிய இரக்கம் அவர் வீட்டில் தலைமுறைகளுக்கு நிற்கும். அதனால்தான் அவருக்கு ஜீவபந்து என்னும் பெயர் நிலைத்தது. மாநிலக் கல்லூரியில் மெய்யியல் கற்பித்த பேராசிரியர் அ. சக்கரவர்த்தி நயினார் அவர்கள், மசியும் வித்தையும் எவ்வாறு பொதுநலத் தொழிலாகும் என்பதற்குச் சான்று. குந்தகுந்தரின் நூல்களை ஆங்கிலத்தில் விளக்கி, தமிழில் சமணர் ஆக்கிய இலக்கியங்களை உலகறியச் செய்தவர் அவர்.

இன்று நம் முன் உள்ள கேள்வி

இன்று நம் பிள்ளைகளில் பலர் வயலை விட்டு அலுவலகத்துக்குச் சென்றுவிட்டனர். ஏரின் தீங்கிலிருந்து தப்பிவிட்டோம் என்று நாம் எண்ணக்கூடும். செய்வித்தலும் உடன்படுதலும் வினையே என்ற கோட்பாட்டை நினைத்தால் அந்த எண்ணம் நில்லாது. கணினி முன் அமர்ந்தவன் கையில் மண் ஒட்டுவதில்லை. ஆனால் அவன் எழுதும் கணக்கு யாருடைய ஆற்றை அழுக்காக்குகிறது, யாருடைய கூலியைக் குறைக்கிறது என்பது அவன் வினையில் சேரும்.

பாலாற்றுப் படுகை இதற்கு நம் அண்டைச் சான்று. தோல் பதனிடும் ஆலைகளின் கழிவால் அங்கே கிணறும் நிலமும் கெட்டன. வேலூர் மக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டில் உச்சநீதிமன்றம், மாசுபடுத்தியவரே அதற்கு ஈடு செய்ய வேண்டும் என்னும் நெறியை இந்தியச் சட்டத்தின் பகுதியாக ஏற்றது. அங்கே தொட்டியில் இறங்கி உழைத்த ஏழைத் தொழிலாளியைவிட, தொலைவில் இருந்து முதலீடு செய்து இலாபம் கண்டவருக்குச் செய்வித்தலின் பங்கு பெரிது.

நிலத்தில் நிற்பவர்களுக்கும் கேள்வி உண்டு. நஞ்சு வாணிபம் விலக்கத்தக்கது என்ற மரபில் வந்த நாம், நம் வயலில் நஞ்சு தெளிக்கிறோம். எண்டோசல்பான் என்னும் பூச்சிக்கொல்லி மாந்தர் உடலைக் கெடுத்தமையால் 2011இல் உச்சநீதிமன்றம் அதனைத் தடைசெய்தது. அதற்கு முன் அது கடையில் கிடைத்தது, எளிதாக வாங்கினோம். கலப்பையில் நேரும் தீங்கு தெரியாமல் நேர்வது. பூச்சியை அழிக்கவென்றே தெளிக்கும் நஞ்சு சங்கல்பியின் வாயிலருகே நம்மைக் கொண்டு நிறுத்துகிறது. மாற்று வழிகள் வேளாண் துறையே பரிந்துரைப்பவை: மணிலாப் பயிரின் ஓரத்தில் ஆமணக்கு நட்டால் முட்டையிடும் அந்துப்பூச்சி பெரும்பாலும் அதனையே நாடும், வரப்பில் தட்டைப்பயறு விதைத்தால் அசுவினியை உண்ணும் பொறிவண்டு பெருகும். இவற்றாலும் தீங்கு அறவே நீங்காது. ஆனால் மண்ணும் நீரும் தேனீயும் உழவனின் உடலும் காக்கப்படும்.

ஆகவே இளைஞர் ஒருவர் தொழிலைத் தேரும்போது, எந்தத் தொழிலில் தீங்கே இல்லை என்று தேடி மலைக்க வேண்டியதில்லை. அப்படி ஒன்று இல்லறத்தானுக்குக் கிடையாது. முன்னோர் நூல்கள் தந்த அளவுகோல்களைக் கொண்டு பார்த்தால் போதும். இத்தொழில் வேண்டுமென்றே செய்யும் கொலையாலோ வஞ்சத்தாலோ வாழ்கிறதா? இதன் பாரம் எந்த உயிரின் தோளில் விழுகிறது, அதற்கு ஓய்வும் உணவும் நீரும் உண்டா? இதில் அளவும் எடையும் உண்மையானவையா? நிலத்தையும் நீரையும் தேவைக்குமேல் கெடுக்கிறதா? போதும் என்று நிறுத்தும் வரம்பு எனக்கு இருக்கிறதா? இவற்றுக்கு மனமறிய விடை சொல்ல முடிந்தால், மருத்துவமும் ஆசிரியப் பணியும் பொறியியலும் கடையும் வயலும் ஒருங்கே அறத்தொழில்களாம்.

பெற்றோர்க்கும் ஒரு வேண்டுகோள். மகனோ மகளோ வேலைக்குச் சேரும்போது ஊதியம் எவ்வளவு என்று முதலில் கேட்கிறோம். அந்த நிறுவனம் என்ன செய்கிறது, அதன் ஊதியம் எங்கிருந்து வருகிறது என்றும் கேட்போமாக. ஆனந்தன் தன் ஏர்களை எண்ணி வரம்பு கட்டியது போல, நம் தேவைக்கும் ஒரு வரம்பு இருந்தால், நல்ல வேலைக்காகக் குறைந்த ஊதியத்தை ஏற்கும் துணிவு பிள்ளைகளுக்கு வரும். அவ்வரம்பை வீட்டில் காணாத பிள்ளையிடம் வெளியே அறத்தை எதிர்பார்ப்பது வீண்.

குளக்கரையில் நீர் வடிகட்டியவர் யாருக்கும் எதையும் மெய்ப்பிக்க எண்ணியவர் அல்லர். தம் வேலையை அறிந்த முறையில் செய்தார். நாம் செய்யும் வேலையைப் பார்த்தே நம்மை இன்னார் என்று பிறர் அறியும்படி நம் தொழில்கள் அமைக.

அறம் வளர்க! எவ்வுயிரும் இன்புறுக!